மோட்டார் ஹோமோடு திருகோணமலைப் பக்கம் வருகிறீர்களா? இரவு நிறுத்தும் இடத்தை இப்படி எடைபோடுங்கள்

கனடாவிலும் ஜெர்மனியிலும் மோட்டார் ஹோம் ஓட்டிப் பழகிய சொந்தக்காரர்கள் ஊருக்கு வந்து ஒரு கேம்பர் வானை வாடகைக்கு எடுத்தால், முதலில் போன் போட்டுக் கேட்பது "அங்க நல்ல கேம்ப் கிரவுண்ட் எது?" என்றுதான். அங்கே உள்ளதுபோல நம்பர் போட்ட தளம், ஒவ்வொரு தளத்துக்கும் தண்ணீர்க் குழாய், கரண்ட் பெட்டி, கழிவுக் குழாய் என்று எல்லாம் சேர்ந்த இடத்தை உப்புவெளியிலோ நிலாவெளியிலோ எதிர்பார்த்து வராதீர்கள். இங்கே உங்களுக்கு வாய்ப்பது கெஸ்ட் ஹவுஸ் வளவு, ஹோட்டலின் பின்பக்கக் காணி, யாரோ ஒருவரின் தென்னந்தோட்டம், கூடாரம் போட இடம் கொடுக்கும் சின்ன முகாம், அவ்வளவுதான். இவற்றில் எது உண்மையிலேயே நல்லது, எது படத்தில் மட்டும் நல்லது என்பதை நீங்களே இறங்கிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

என் அளவுகோல் சின்னது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? இந்த இரண்டுக்கும் ஒழுங்கான பதில் சொல்லக்கூடியவர் நடத்தும் இடத்தில் மற்ற விஷயங்களும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும், இந்த இரண்டுக்கும் மழுப்புகிற இடத்தில் பூச்சட்டியும் கலர் பல்பும் எத்தனை இருந்தாலும் காலையில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்புவீர்கள். கடல் தெரிகிறதா என்பதைக் கடைசியில் பாருங்கள். திருகோணமலையில் கடல் எங்கேதான் தெரியாது?

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியது

கூகுள் மேப்பிலும், ஐஓவர்லாண்டர், பார்க்4நைட் போன்ற செயலிகளிலும் மற்றவர்கள் எழுதியிருப்பதைப் படிக்கும்போது முதலில் மாதத்தைப் பாருங்கள். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை எங்கள் கரை காய்ந்து, கடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி கடைசியில் தொடங்கி தை வரைக்கும் வாடை மழை. மே மாதத்தில் ஒருவர் "அருமையான புல்தரை" என்று எழுதியதை நம்பி நவம்பரில் வந்தால், அந்தப் புல்தரைதான் வளவிலேயே தாழ்ந்த இடம், வெள்ளம் நிற்பதும் அங்கேதான் என்பது வந்த பிறகு தெரியும். இன்னொன்று, அறையில் தங்கியவர் கொடுத்த ஐந்து நட்சத்திரம் உங்களுக்கு உதவாது. அவர் பாராட்டுவது இடியப்பத்தையும் சொதியையும். வண்டியில் தூங்கியவர் எழுதியதைத் தேடுங்கள், அதிலும் மூன்று நட்சத்திரம் போட்டவர் எழுதியதைத் தேடுங்கள், ஏனென்றால் பிடித்ததும் பிடிக்காததும் இரண்டையும் அவர்தான் எழுதுவார்.

செய்மதிப் படத்தில் காணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அப்பால், குச்சவெளி வரைக்கும், பல இடங்களில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. களப்புக்குப் பக்கத்தில் என்றால் பின்னேரம் நுளம்பு நிச்சயம்.

பிறகு போன். "வான் உள்ளே வருமா?" என்று கேட்டால் "வரும், வரும், பிரச்சினை இல்லை" என்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "தண்ணி பவுசர் உள்ளே வந்திருக்கா? மணல் லொறி வந்திருக்கா?" என்று கேளுங்கள். பவுசர் வந்து திரும்பிய வளவுக்குள் உங்கள் வண்டியும் வந்து திரும்பும். கேட்டின் அகலம், பாதையின் பலம், தாழத் தொங்கும் கரண்ட் வயர், குறுக்கே நீட்டிய மாங்கிளை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கேள்வியே போதும். மேலே ஏசிப் பெட்டி வைத்த வண்டி 3 மீட்டர் உயரம் வரும், கெஸ்ட் ஹவுஸ் கேட்டுக்கு மேலே போட்டிருக்கும் பெயர்ப்பலகை வளைவு அதைவிடத் தாழ்வாக இருக்கலாம். உங்கள் வண்டியின் உயரத்தை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

நான்கு மணிக்குள் வந்து சேருங்கள். இங்கே ஆறு, ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டில் எந்த இடமும் நல்ல இடமாகத்தான் தெரியும், பிடிக்காவிட்டாலும் வேறு இடம் தேட மனம் வராது. வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்து உள்ளே போங்கள். ஓட்டிக்கொண்டே உள்ளே போனால், காசு பேச முன்னமே சம்மதித்ததாக ஆகிவிடும்.

தண்ணீர் வரும் பக்கம்

கரையோர மணலில் நல்ல தண்ணீர் எப்படி இருக்கிறது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது, நன்னீர் பாரம் குறைந்தது என்பதால். வாளி போட்டு அளவாக அள்ளினால் மேலே நிற்கும் நன்னீர்தான் வரும். மோட்டர் போட்டு நாள் முழுக்க இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறி வரும். வெளிநாட்டு ஆட்கள் நிறைந்து வழியும் ஜூலை, ஆகஸ்டில்தான் இறைப்பும் கூட, மழையும் இல்லை. ஆகவே மார்ச்சில் இனித்த கிணறு ஆகஸ்டில் கரிக்கலாம், முதலாளி பொய் சொல்லவில்லை.

"தண்ணி நல்லதா அண்ணா?" என்று கேட்காதீர்கள். நல்லது என்றுதான் சொல்வார். "நீங்கள் தேத்தண்ணி போடுறது எந்தத் தண்ணியில?" என்று கேளுங்கள். கிணற்றைக் காட்டினால் சரி. குசினியில் இருக்கும் கேனைக் காட்டினால், உங்கள் வண்டித் தாங்கியில் அந்தக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பலாம், ஆனால் குளிக்கவும் கழுவவும் மட்டும், குடிக்க வேறு.

அப்புறம் கையால் சோதியுங்கள். குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துப் பாருங்கள். நுரை கட்டாமல் பிசுபிசுத்தால் உப்போ சுண்ணாம்போ கூட, அதை வண்டிக்குள் ஏற்றினால் பம்புக்கும் கீசருக்கும் கேடு. ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பத்து நிமிடம் வைத்துவிட்டு வளவைச் சுற்றி வாருங்கள், திரும்பி வரும்போது அடியில் செம்மண் நிறத்தில் படிந்திருந்தால் இரும்பு. கழுவும் தொட்டியில் குழாய்க்கு நேர் கீழே விழுந்திருக்கும் பழுப்புக் கறையும் அதையேதான் சொல்லும். அழுகிய முட்டை மணம் வந்தால் நிரப்பவே வேண்டாம். மேலே இருக்கும் தாங்கிக்கு மூடி இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். மூடியில்லாத தாங்கியிலும், செடிச் சட்டியின் தட்டிலும், கைவிட்ட டயரிலும் நிற்கும் தெளிந்த தண்ணீரில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடும். நெளிகிற குடம்பியைக் கண்டால் அந்த வளவில் ஒரு இரவும் வேண்டாம் என்பேன், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

குழாயும் உங்களுடையதாக இருக்கட்டும். அங்கே கிடக்கும் ஹோஸ் பைப் நேற்று எதைக் கழுவியது என்று யாருக்கும் தெரியாது.

தண்ணீர் போகும் பக்கம்

காசு பேசுவதற்கு முன் "பாத்ரூம் போகலாமா?" என்று கேட்டு உள்ளே போங்கள். யாரும் குறைநினைக்க மாட்டார்கள், உங்களுக்கும் அந்த இடத்தைப் பற்றித் தெரியவேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே தெரிந்துவிடும். டைல்ஸ் புதுசா பழசா என்பது முக்கியமில்லை. ஒரு வாளி தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு நின்று கவனியுங்கள். துளை இருக்கும் பக்கம் ஓடுகிறதா, கதவுப் பக்கம் ஓடுகிறதா? துளைக்குள் இறங்கும்போது கொளக் கொளக் என்று திக்குகிறதா? பிளஷ் பண்ணினால் தண்ணீர் மேலே வந்து யோசித்து இறங்குகிறதா? யோசித்தால் கக்கூஸ் குழி நிறைந்துவிட்டது, இல்லாவிட்டால் குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கதவின் கொண்டி பூட்டுகிறதா, வாளியும் கப்பும் இருக்கிறதா, ராத்திரி போகும் வழியில் லைட் இருக்கிறதா என்பதையும் அதே நடையில் பார்த்துவிடலாம். கூட வருகிற அம்மாவும் பிள்ளைகளும் ராத்திரி தனியாகப் போய்வர வேண்டிய வழி அது.

வெளியே வந்ததும் குழியின் மூடி எங்கே, கிணறு எங்கே என்று கண்ணால் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் 30 மீட்டர் இருக்கவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. சின்ன வளவுகளில் அவ்வளவு இருக்காது, ஆனாலும் குழி மேட்டிலும் கிணறு பள்ளத்திலும் இருந்தால் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பல்லும் விளக்காதீர்கள். மழைக் காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், கரையோரக் குழிகளும் அதோடு நிறையும். "கடைசியாகக் கல்லி பவுசர் எப்ப வந்தது?" என்று, அதாவது குழியை உறிஞ்சி எடுக்கும் வண்டி எப்போது வந்தது என்று, கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வந்தால் அவர் இடத்தைக் கவனிப்பவர். "அதெல்லாம் நிறையாது தம்பி" என்றால் எங்கேயோ கசிந்து போகிறது.

உங்கள் வண்டியின் கழிவும் இதே கணக்கில்தான் வரும். கழற்றிக் கொட்டும் பெட்டி வைத்த கசெட் டாய்லெட் என்றால் அந்தப் பெட்டி ஏறக்குறைய 20 லீட்டர் பிடிக்கும், அதை முதலாளியிடம் சொல்லிவிட்டு, குழியோடு இணைந்த கக்கூசில் மட்டும் கொட்டுங்கள். நாற்றம் வராமல் பெட்டிக்குள் நீல மருந்து ஊற்றுபவர்கள் போமலின் கலந்ததை விட்டுவிடுங்கள், அது குழிக்குள் கழிவைச் சிதைக்கும் கிருமிகளைக் கொன்றுவிடும், நீங்கள் போன பிறகு நாறுவது அவருடைய வீடு. பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தென்னைக்கு விடலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், எண்ணெய்ச் சட்டியை மட்டும் முதலில் கடதாசியால் துடைத்துவிடுங்கள். கழிவைக் களப்புக்குள் திறந்துவிடச் சொல்லும் இடத்தில் தங்காதீர்கள். அவர் மற்றவர்களுக்கும் அதைத்தான் சொல்லியிருப்பார், நாளைக்கு உங்கள் பிள்ளைகள் காலை நனைக்கப் போவதும் அங்கேதான்.

நிலம்

குதிகாலை ஊன்றித் திருப்பிப் பாருங்கள். செருப்பு புதைந்தால் டயரும் புதையும். ஏற்கெனவே விழுந்திருக்கும் டயர்த் தடங்களைப் பாருங்கள், ட்ராக்டர் தடம் மட்டும் இருந்து கார், வான் தடம் இல்லாவிட்டால் கடற்கரைப் பக்கம் இறங்கவேண்டாம். பொருள் ஏற்றிய வண்டி இரண்டரை, மூன்று டன் வரும். புதைந்தால் தென்னை மட்டையை டயருக்கடியில் திணிக்க ஊரே ஓடிவரும் என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பி இறங்குவது அழகல்ல.

சமதரை ஒரு சொகுசு மட்டுமல்ல. கேஸில் ஓடும் பிரிட்ஜ் சரிந்து நின்றால் ஒழுங்காகக் குளிராது, அதற்குள் ஓடும் அமோனியா புவியீர்ப்பில்தான் இறங்கி வரவேண்டும். 12 வோல்ட் கம்ப்ரசர் பிரிட்ஜ் என்றால் அவ்வளவு பிரச்சினை இல்லை, உங்கள் தலைதான் கீழே சரியும். பாதி தண்ணீர் உள்ள போத்தலைத் தரையில் படுக்க வைத்தால் சரிவு தெரிந்துவிடும்.

தென்னைக்குக் கீழே நிறுத்தாதீர்கள் என்று எங்களூர் ஆளுக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியூர் ஆளுக்குச் சொல்லவேண்டும், ஏனென்றால் நிழல் அங்கேதான் இருக்கும். ஆவணியில் பனைக்குக் கீழேயும் அதே கதை. வேம்பு நல்லது. கூரையில் சோலர் வைத்திருப்பவர்கள் வெயிலா நிழலா என்று அடித்துக்கொள்ளாமல், காலையில் வெயிலும் மத்தியானத்துக்குப் பிறகு நிழலும் விழும் இடமாகப் பார்க்கலாம்.

கிண்ணியா, மூதூர், வெருகல் பக்கம் என்றால் சுவரையும் பாருங்கள். மகாவலி கடலோடு சேரும் தாழ்நிலம் அது. வெள்ளம் நின்ற கோடு சுண்ணாம்பில் தெரியும், புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் கிணற்றுக்கட்டிலோ கக்கூஸ் சுவரிலோ தெரியும். முழங்கால் உயரத்தில் கோடு இருந்தால் மழைக்காலத்தில் அங்கே தங்கவேண்டாம். கடற்கரை ஓரம் எங்கே நின்றாலும் வண்டியின் மூக்கு ரோட்டைப் பார்த்திருக்கட்டும். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த ஊர் இது, மேட்டுக்குப் போகும் வழி எது என்று கேட்டால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

காற்று வரும் திசையையும் கேளுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று தரைப் பக்கமிருந்து சூடாக வரும், களப்பு மணமும் நுளம்பும் அதோடு வரும். மாரியில் வாடை கடலிலிருந்து அடிக்கும். வண்டிக் கதவு காற்றுக்கு மறைவான பக்கம் இருக்கவேண்டும், கக்கூசும் கருவாடு காயும் பந்தலும் காற்று வரும் பக்கம் இருக்கக்கூடாது. நெத்தலிக் கருவாடு எனக்குப் பிடிக்கும், ஆனால் தலையணைக்குள் வேண்டாம்.

கரண்ட்

இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கேம்ப் கிரவுண்டில் 30 ஆம்ப், 50 ஆம்ப் பெட்டி எதிர்பார்க்கும் அமெரிக்க, கனடாப் பழக்கம் செல்லாது, கிடைப்பது சாதாரண வீட்டு 13 ஆம்ப் சதுர பிளக், சில இடங்களில் பழைய உருண்டைப் பின். ஐரோப்பிய நீல பிளக்குக்கு மாற்றுத் துண்டு நீங்களே கொண்டுவரவேண்டும். மெயின் பெட்டியைக் காட்டச் சொல்லி, கரண்ட் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்சில் உள்ள டெஸ்ட் பட்டனை அவரையே அழுத்தச் சொல்லுங்கள். விழாவிட்டால் அங்கே வண்டியைச் செருகாதீர்கள், உலோக உடம்புள்ள வண்டி, ஈரமான மணல், வெறுங்கால். சாயந்தரம் ஆறரையிலிருந்து பத்தரை வரை எல்லா வீட்டிலும் கரண்ட் இழுக்கும் நேரம், வோல்டேஜ் இறங்கும், அந்த நேரத்தில் ஏசியும் கேத்தலும் ஒன்றாகப் போடாதீர்கள்.

ஆட்களும் சத்தமும்

கடற்கரையில் துப்புரவாக, மரமில்லாமல், அகலமாக, ஆளில்லாமல் ஒரு இடம் கிடந்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். அது கரைவலைப் பாடாக இருக்கலாம். வலை வளைத்துக் கரைக்கு இழுக்கும் உரிமையுள்ள இடம். விடியப்புறமே ஆட்கள் கயிற்றோடு வந்து நிற்பார்கள், உங்கள் வண்டி நடுவில் நின்றால் அவர்களின் அன்றைய உழைப்பு கெடும், நியாயமும் அவர்கள் பக்கம்தான். பக்கத்து வாடியில், அதாவது மீனவர் கொட்டிலில், ஒரு வார்த்தை கேட்டால் எங்கே நிற்கலாம் என்று அவர்களே காட்டுவார்கள், காலையில் மலிவாக மீனும் கிடைக்கும். ஆளில்லாக் கரையில் இரவு நின்றால் கடற்படையோ பொலிஸோ வந்து விசாரிக்கக்கூடும், அடையாள அட்டையும் வாடகைப் பத்திரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒரு முதலாளியின் வளவுக்குள் நின்றால் இந்தத் தலையிடி இல்லை.

சத்தத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய ஆள் முதலாளி இல்லை, எதிர்க்கடைக்காரர். கோயில் திருவிழா நடக்கிறதா, பக்கத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறதா, சனிக்கிழமை இரவில் பாட்டுப் போடுவார்களா என்று ஒரு சோடா குடிக்கும் நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். பாங்குச் சத்தத்துக்கும் கோயில் மணிக்கும் நட்சத்திரம் குறைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அதை ஊரின் குறையாக எழுதாதீர்கள்.

வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்றும் பாருங்கள். இங்கிலாந்து முகாம்களில் தீ பரவாமலிருக்க 6 மீட்டர் விடச் சொல்வார்கள். கேஸ் அடுப்பு உள்ள வண்டிகளுக்கு இங்கேயும் அது நல்ல கணக்கு. இடம் இருக்கும்போதே ஒட்டி நிறுத்தச் சொல்லும் முதலாளி, இன்னும் பத்து வண்டி வரும் என்று நினைக்கிறார்.

உள்நாட்டுப் பக்கம்

கந்தளாய்க் குளக்கரையிலோ ஹொரவப்பொத்தானைப் பாதையிலோ நிறுத்த நினைத்தால் யானையைப் பற்றிக் கேட்காமல் எதுவும் முடிவெடுக்காதீர்கள். பொழுதுபடும் நேரத்தில் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வரும். வளவுக்குள் யானை இலத்தி கிடக்கிறதா, வேலி வாழையைச் சுற்றி மட்டும் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். வண்டிக்குள் வாழைக்குலையும் மாம்பழமும் வைத்துக்கொண்டு அங்கே தூங்கவேண்டாம். குளத்தில் முதலையும் உண்டு. ஊர் ஆட்கள் குளிக்கும் துறையில், அவர்கள் குளிக்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள்.

காசு பேசும்போது வண்டிக்கா தலைக்கா, கரண்ட் சேர்த்தா தனியா, தண்ணீர்த் தாங்கி நிரப்புவது உள்ளடக்கமா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு இரவுக்கு மட்டும் கொடுங்கள், இரண்டாம் இரவைக் காலையில் பேசலாம். பார்த்த இடம் எதுவும் ஒத்துவராமல் இருட்டிவிட்டால் கடற்கரையைத் தேடிக்கொண்டு ஓடாமல் டவுனுக்குத் திரும்பி, உயர்ந்த மதில் உள்ள ஏதாவது ஒரு கெஸ்ட் ஹவுஸில் ஒரு அறையை எடுத்து, வண்டியை முற்றத்தில் விடுங்கள். அறையில் யார் தூங்குவது, வண்டியில் யார் தூங்குவது என்பது உங்கள் வீட்டுப் பிரச்சினை.